கிரீன் கார்டை ஒப்படைத்துவிட்டுப் பின்னால் மீண்டும் விண்ணப்பித்தால் கிடைக்குமா?

2025 மார்ச் 3, வாசகர் ஒருவரின் கேள்வி

ஒன்பது ஆண்டுகள் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் காத்திருந்த பிறகு, 2020 அக்டோபரில் எனக்கும் என் மனைவிக்கும் வேலைவாய்ப்பு வழியில் கிரீன் கார்டு, அதாவது அமெரிக்க நிரந்தர வசிப்புரிமை அட்டை, கிடைத்தது. இந்தியாவில் என் தாயார் படுக்கையில் விழுந்துவிட்டார். கவனித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளாவது நாங்கள் அங்கே இருக்க வேண்டிவரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடி வந்து அட்டையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதைவிட, முறையாக ஒப்படைத்துவிட்டு, நிலைமை சீரான பிறகு புதிதாக விண்ணப்பிப்பதே நேர்மை என்று நினைக்கிறேன். ஒருமுறை ஒப்படைத்தவர்களுக்கு மறுபடியும் தரமாட்டார்கள், பத்தாண்டுத் தடை உண்டு என்றெல்லாம் நண்பர்கள் சொல்கிறார்கள். ஒப்படைத்துவிட்டு மீண்டும் பெற்றவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

நான் இருக்கிறேன். 2012 நவம்பரில் மகன் வழியாகப் பெற்ற கிரீன் கார்டை 2019 பிப்ரவரியில் இழந்தேன். 2023 செப்டம்பரில் அதே மகன் வழியாக மீண்டும் பெற்றேன். உங்கள் நண்பர்கள் சொல்லும் பத்தாண்டுத் தடை, அனுமதிக் காலம் முடிந்த பிறகும் ஓராண்டோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறியவர்களுக்கானது. 180 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் வெளியேறியவர்களுக்கு மூன்றாண்டு. அட்டையை ஒப்படைத்தவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐ-407 என்ற படிவத்தில் கையெழுத்திட்டு அட்டையைக் கொடுக்கிறோம், கட்டணம் கிடையாது, அவ்வளவுதான். என்னிடமிருந்து விமான நிலையத்தில் பறித்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

மார்ச் 4

நேற்று எழுதியது பாதிப் பதில்தான். தடை இல்லை என்பதைப் படித்துவிட்டு நீங்கள் இன்றே தபால் நிலையத்துக்குக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக மீதியையும் எழுதுகிறேன்.

மீண்டும் விண்ணப்பிப்பது என்றால், முன்பு ஒருபோதும் கிரீன் கார்டு பெறாதவரைப் போல முதல் படியிலிருந்து ஏறுவது. பழைய மனு ஒருமுறை பயன்பட்டுத் தீர்ந்துவிட்டது. ஆகவே உங்களுக்குக் கிரீன் கார்டு தந்த அடிப்படை நீங்கள் திரும்பி வரும் நாளிலும் உயிரோடு இருக்குமா என்பதுதான் கேள்வி. எனக்கு அந்த அடிப்படை என் மகன். 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகன் தன் பெற்றோருக்கு மனுச் செய்தால் அது நெருங்கிய உறவினர் பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது, வரிசையும் கிடையாது. மகன் மகனாகவே இருந்தான், ஆகவே எனக்குக் கதவு திறந்தே இருந்தது.

உங்களுக்கு அப்படியில்லை. ஒரு நிறுவனம் உங்களை மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும், தொழிலாளர் துறையின் சான்றிதழ் வாங்க வேண்டும், ஐ-140 மனுச் செய்ய வேண்டும். அதன் பிறகு, ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு இந்தியாவில் பிறந்தவர்களுக்கு உண்டாக்கியிருக்கும் வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் ஒன்பது ஆண்டு நின்றவர் நீங்கள். அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் நேர்மை என்று எதைச் சொல்கிறீர்களோ அதற்கு இது மிகப் பெரிய விலை.

மார்ச் 4, சற்றுப் பிறகு

எங்கள் மகள் அமெரிக்காவில் பிறந்தவள், அவள் மனுச் செய்யலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். அவளுக்கு இப்போது நான்கு வயது என்கிறீர்கள். இன்னும் பதினேழு ஆண்டு பொறுத்திருங்கள். அதுவரை அவள் உங்களிடம் கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 6

வேறொருவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டினால் போதும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டுகள் நானும் இதை நம்பினேன். இந்த நம்பிக்கையை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வதை மட்டுமாவது நிறுத்துவோம்.

தொடர்ச்சியாக 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தவரைச் சட்டம் புதிதாக நுழைய விண்ணப்பிப்பவராகப் பார்க்கிறது. ஓராண்டு ஆகிவிட்டால் அட்டையை மட்டும் காட்டித் திரும்பி வர முடியாது. இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, ஐந்து மாதம் இருபத்தைந்து நாளில் திரும்பினால் பாதுகாப்பு என்று கணக்குப் போடுகிறோம். அதிகாரியின் கணக்கு நாளைப் பற்றியது மட்டுமன்று. இந்தப் பயணம் தற்காலிகமானதா, உங்கள் இருப்பிடம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று அவர் பார்க்கிறார்: வீடு, வேலை, குடும்பம், வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு. 1988இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்த ஹுவாங் வழக்கில், கணவரின் பணிக்காக ஜப்பானில் குடியிருந்த மனைவியும் பிள்ளைகளும் அமெரிக்காவுக்கு வந்து போய்க்கொண்டிருந்த போதிலும், நிரந்தர வசிப்புரிமையைக் கைவிட்டவர்களாகவே கருதப்பட்டார்கள்.

2019இல் விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டை அதிகாரி முதல் பக்கத்திலிருந்து புரட்டவில்லை. முத்திரைகள் இருந்த பக்கங்களை மட்டும் விரலால் மடித்துக் காட்டிக்கொண்டே போனார். ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில் நான் இங்கே இருந்தது மொத்தம் பதினாறு மாதம் என்று அவர் கூட்டிச் சொன்னபோதுதான் எனக்கே அந்தத் தொகை தெரிந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருந்தவனுக்கு எந்தக் காலில் பாரம் இருந்தது என்பதை வேறொருவர் சொல்லவேண்டியிருந்தது.

மார்ச் 9

முதல் நாள் குறிப்பில் பறித்துக்கொண்டார்கள் என்று எழுதியதைத் திருத்த வேண்டும். அந்தச் சொல்லை ஆறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். நேற்று பழைய காகிதங்களைத் தேடி அந்த ஐ-407 நகலை எடுத்துப் பார்த்தேன்.

கேள்வி கேட்ட அதிகாரி, உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது என்றார். கையெழுத்திட்டால், விசா இல்லாமல் நுழைய விலக்குக் கேட்கும் படிவமும் கட்டணமும் கொடுத்துவிட்டு, வருகையாளராக உள்ளே போகலாம். கையெழுத்திட மறுத்தால், குடிவரவு நீதிபதி முன் ஆஜராகும்படி அறிவிப்புத் தருவார்கள். அந்த இரண்டாவது வழியை அவர் மிரட்டும் குரலில் சொன்னதாகவே என் நினைவு. உண்மையில் அது என் உரிமை. கிரீன் கார்டை எந்த அதிகாரியும் அந்த மேசையில் வைத்து ரத்து செய்ய முடியாது. நீதிபதியிடம் போனால், நான் வசிப்புரிமையைக் கைவிட்டேன் என்பதைத் தெளிவான, ஐயத்துக்கிடமற்ற சான்றோடு நிரூபிக்கும் சுமை அரசுக்கு உரியது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மறுத்திருப்பேனா என்று கேட்டால், மறுத்திருக்கமாட்டேன் என்றே இப்போது தோன்றுகிறது. இருபத்திரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு, நாற்காலியில் தலை சாய்ந்து என் மனைவி உறங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மகன் மூன்று மணி நேரமாகக் காத்திருந்தான்.

படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில், நாங்கள் இந்தியாவில்தான் வாழ்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை அதிகாரி எழுதினார் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நகலில் அந்த வரி இருப்பது என் எழுத்தில். பள்ளியில் பழகிய, சாய்ந்த எழுத்து.

மார்ச் 10

ஆகவே அட்டையை யாரும் பறிக்கவில்லை, நான்தான் கொடுத்தேன். கொடுத்ததில் தவறும் இல்லை. எழுதிய வரி உண்மையான வரி.

மார்ச் 15

கேள்வி கேட்டவருக்கு. ஒப்படைப்பதா, ஓடி ஓடி வருவதா என்ற இரண்டு வழிகளை மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மறுநுழைவு அனுமதி என்று மூன்றாவது ஒன்று உண்டு. ஐ-131 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக இரண்டு ஆண்டுக்குச் செல்லும். விண்ணப்பம் சேரும் நாளில் நீங்கள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும், பிறகு கைரேகை பதிவுக்கு நேரில் போக வேண்டும். கைரேகை கொடுத்த பிறகு கிளம்பலாம். அதைப் புதுப்பிக்க முடியாது, திரும்பி வந்து புதிதாக இன்னொன்று கேட்கலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் நான்குக்கு மேல் வெளியே இருந்திருந்தால் ஓராண்டுக்குத்தான் தருவார்கள். நுழைவுக்கு இது உத்தரவாதம் அன்று. ஆனால், திரும்பி வரும் எண்ணம் எனக்கு இருந்தது என்று முன்கூட்டியே எழுதிவைத்த சாட்சி. நானும் மனைவியும் ஒருமுறைகூட இதற்கு விண்ணப்பிக்கவில்லை. கட்டணத்தை மிச்சம் பிடித்தோம்.

தாயாரின் நிலை காரணமாக ஓராண்டைத் தாண்டிவிட்டால் எஸ்பி-1 விசா இருக்கிறதே என்று ஒருவர் சொல்கிறார். திரும்பும் குடியிருப்பாளருக்கான அந்த விசாவுக்கு டிஎஸ்-117 படிவத்தோடு 180 டாலர் கட்டித் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திரும்புவதைத் தடுத்த காரணம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று காட்ட வேண்டும். திட்டமிட்டே மூன்றாண்டு தங்கப் போகிறவருக்கு அது பொருந்தாது. ஐ-407இல் கையெழுத்திட்டவருக்கு அந்த வழி அறவே இல்லை.

மார்ச் 16

வரி. இதைத் தனியாக எழுதுவதாக இருந்தேன், ஏனென்றால் எனக்கு அடி விழுந்தது இங்கேதான்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் வரை உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இது பலருக்குத் தெரியும். ஒப்படைக்கும்போது என்ன ஆகிறது என்பது தெரிவதில்லை. ஒப்படைக்கும் ஆண்டையும் சேர்த்துக் கடைசிப் பதினைந்து வரி ஆண்டுகளில் எட்டு ஆண்டு கிரீன் கார்டு வைத்திருந்தவர் நீண்டகாலக் குடியிருப்பாளர் ஆகிறார். அவர் ஒப்படைத்தால், குடியுரிமையைத் துறந்தவருக்கு உரிய அதே வரிச் சட்டம் அவருக்கும் பொருந்தும். நிகரச் சொத்து 20 லட்சம் டாலரைத் தொட்டவர்களுக்கு வெளியேற்ற வரி வரக்கூடும். அந்த அளவுக்குச் சொத்து நமக்கேது என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. கடந்த ஐந்து ஆண்டுகளுக்கும் வரிக் கடமைகளைச் சரியாக நிறைவேற்றினேன் என்று 8854 என்ற படிவத்தில் உறுதி தர வேண்டும். தராவிட்டால், சொத்தே இல்லாதவரும் அந்த வரிக்குரியவராகக் கருதப்படுவார். படிவத்தை அனுப்பத் தவறினால் 10,000 டாலர் அபராதம் விதிக்கவும் இடமுண்டு.

2012 நவம்பர் முதல் 2019 பிப்ரவரி வரை ஆறு ஆண்டு மூன்று மாதம்தானே, எட்டு எங்கே வந்தது என்று எனக்குக் கணக்குப் பார்த்தவர் சொன்னார். ஆனால் ஓர் ஆண்டில் ஒரு நாள் வைத்திருந்தாலும் அது முழு ஆண்டு. விரல் விட்டு எண்ணுங்கள்: 12, 13, 14, 15, 16, 17, 18, 19. 2020இல் அனுப்பியிருக்க வேண்டிய படிவத்தை, வேறொருவர் சொல்லிக் கேட்டு, 2021இல் தாமதத்துக்கான விளக்கக் கடிதத்தோடு அனுப்பினேன். இதுவரை அபராதக் கடிதம் வரவில்லை. தபால்காரரைப் பார்த்தால் இப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது.

உங்களுக்கு 2020இலிருந்து எண்ண வேண்டும். எச்-1பி ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேரா. 2026 முடிவதற்குள் ஒப்படைத்தால் ஏழு ஆண்டு. 2027 ஜனவரி முதல் நாள் எட்டாவது ஆண்டு தொடங்கிவிடும்.

மார்ச் 22

ஓய்வூதியம் பற்றிச் சுருக்கமாக. ஓய்வூதியத்துக்குத் தேவையான, வேலை செய்து சேர்த்த 40 சமூகப் பாதுகாப்புப் புள்ளிகள் அட்டையை ஒப்படைப்பதால் அழிந்துவிடுவதில்லை. ஆனால் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், இந்தியாவில் செய்யும் வேலையைக் காட்டிக் குறைகிற புள்ளியை நிரப்ப முடியாது. ஒன்பது ஆண்டு எச்-1பி, நான்கரை ஆண்டு கிரீன் கார்டு என்றால் உங்களுக்கு நாற்பதும் நிறைந்திருக்கும்.

ஏப்ரல் 2

ஒரு பெண்மணி, மீண்டும் விண்ணப்பித்தபோது பழையதைப் பற்றிக் கேட்டார்களா, மறைத்தீர்களா என்று கேட்கிறார். மறைக்க என்ன இருக்கிறது? படிவத்திலேயே பழைய ஏ-எண்ணை, அதாவது குடிவரவுத் துறை தந்த அடையாள எண்ணை, கேட்கிறார்கள். அதைப் போட்டால் முழுக் கதையும் அவர்கள் திரையில் வந்துவிடும். 2022இல் மகன் உறவினருக்கான ஐ-130 மனுச் செய்தான், அன்றைய கட்டணம் 535 டாலர். முதல் தடவை பெற்றோர் இருவருக்கும் தனித்தனியாக இரண்டு மனுக்கள் போட்டான், இந்தப் பிரிவில் கணவன் மனைவியை ஒரே மனுவில் சேர்க்க முடியாது. இரண்டாம் தடவை ஒரு மனு போதுமாக இருந்தது. என் மனைவி 2021இல் இறந்துவிட்டாள்.

மகனின் ஆதரவு உறுதிமொழியும் புதிதாகத் தேவைப்பட்டது. ஐ-864 படிவத்தில் அவன் 2012இல் ஏற்ற பொறுப்பு, நான் வசிப்புரிமையை விட்டு நாட்டை விட்டும் வெளியேறியபோது முடிந்துவிட்டது. வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் காட்ட வேண்டும் என்ற அதே அளவுகோல், அதே மருத்துவப் பரிசோதனை, அதே காவல்துறைச் சான்றிதழ். மனு நிலுவையில் இருந்த காலத்தில், கையில் வருகையாளர் விசா இருந்தும், நான் அதைப் பயன்படுத்தவில்லை; நிரந்தரமாகக் குடியேற மனு நடக்கும்போது சுற்றிப் பார்க்க வந்தேன் என்று யாரிடமும் சொல்லிச் சங்கடப்பட விரும்பவில்லை.

மும்பையில் நேர்காணல். கண்ணாடிக்கு அப்பால் இருந்த இளம்பெண் திரையைப் பார்த்துவிட்டு, ஒருமுறை திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள், இப்போது ஏன் மறுபடியும் வேண்டும் என்று கேட்டாள். நான் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அன்று என் மனைவி இருந்தாள் என்று மட்டும் சொன்னேன். அந்த இளம்பெண் ஏதோ தட்டச்சு செய்துவிட்டு, கைரேகைக்கு விரலை வைக்கச் சொன்னாள்.

ஏப்ரல் 3

எனக்குத் திரும்பக் கிடைக்காதது ஆண்டுகள். குடியுரிமைக்கான ஐந்தாண்டு 2023 செப்டம்பரிலிருந்து மறுபடி எண்ணப்படுகிறது. 65 வயது நிறைந்த கிரீன் கார்டுக்காரர், போதிய வேலைப் புள்ளிகள் இல்லாவிட்டாலும் மாதத் தொகை கட்டி மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், அதற்கு இங்கே தொடர்ந்து ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும், அதுவும் 2028தான். எனக்கு இப்போது 72. ஒருவேளை 2012இலேயே வந்து உட்கார்ந்திருந்தால் 2017இல் இரண்டும் முடிந்திருக்கும். உட்கார்ந்திருக்கமாட்டோம் என்பது வேறு.

ஏப்ரல் 11

இன்னொரு வாசகர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: கேள்வி கேட்டவருக்கு 2020 அக்டோபரில் கிரீன் கார்டு வந்தது என்றால், 2025 அக்டோபரில் ஐந்தாண்டு நிறைகிறதே, குடியுரிமைக்கு ஏன் விண்ணப்பிக்கக் கூடாது?

நான் ஒப்படைப்பதைப் பற்றியே ஐந்து வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். ஐந்தாண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பே குடியுரிமைக்கான என்-400 படிவத்தை அனுப்பலாம், அதாவது ஜூலையில். ஐந்தாண்டில் பாதியாவது, அதாவது முப்பது மாதம், இங்கே இருந்திருக்க வேண்டும். அது உங்களுக்கு எப்போதோ ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பயணம் மட்டும் கூடாது. போனால் வசிப்பின் தொடர்ச்சி அறுந்ததாகக் கருதப்படும், அறவில்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டிவரும். ஓராண்டுப் பயணம் அதை முழுவதுமாக அறுத்துவிடும். மறுநுழைவு அனுமதி கையில் இருந்தாலும் இந்தத் தொடர்ச்சியை அது காப்பாற்றாது, இதையும் மார்ச் 15ஆம் தேதிக் குறிப்பில் சொல்லத் தவறினேன். குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கிக்கொண்டு தாயாரோடு எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் இருக்கலாம், திரும்பி வருவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 12

தாயார் ஜூலை வரை காத்திருப்பார் என்று எனக்கு யார் சொன்னது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நேற்று நாள்காட்டியை மட்டும் பார்த்து எழுதிவிட்டேன். மே மாதத்தில் போய் இரண்டு மாதம் அவரோடு இருந்துவிட்டு ஜூலையில் வர முடியுமா, மனைவி அங்கேயே இருக்க முடியுமா என்று இருவரும் பேசிப் பாருங்கள். மனைவியின் ஐந்தாண்டு அவருக்குத் தனியாக எண்ணப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜூலை 20

இருவருக்கும் ஐ-131 அனுப்பிக் கைரேகையும் கொடுத்துவிட்டுத்தான் மே மாதம் போனதாகவும், இப்போது தனியாகத் திரும்பி வந்து என்-400 அனுப்பிவிட்டதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஐ-407 பற்றி இனி அவருக்குத் தேவையில்லை.

ஜூலை 21

தேவைப்படுகிற இன்னொருவர் வந்திருக்கிறார். பெற்றோர் இந்தியாவிலேயே இருந்துவிட முடிவு செய்துவிட்டார்கள், ஐ-407ஐயும் அட்டையையும் தபாலில் அனுப்பச் சொல்லலாமா என்கிறார். சொல்லலாம், வருகையாளர் விசா கேட்கப் போகும் எண்ணம் இருந்தால் ஒப்படைத்ததற்கான சான்று அங்கே உதவும். மையால் கையெழுத்திட வேண்டும், அட்டையை உறையில் வைக்க வேண்டும், வந்து சேர்ந்ததைக் கண்காணிக்கக்கூடிய தபாலில் அனுப்ப வேண்டும். உறையை ஒட்டுவதற்கு முன் அட்டையின் இரண்டு பக்கங்களையும் நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், எந்தத் தேதியிலிருந்து குடியிருப்பாளர் என்பது அதில்தான் அச்சிட்டிருக்கிறது.

எங்கள் இரண்டு அட்டைகளும் நகல் இல்லாமல் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. 2021இல் அந்த வரிப் படிவத்துக்காக உட்கார்ந்தபோது, மனைவிக்கும் அனுப்ப வேண்டுமா என்று தெரியாமல் அவளுடைய பழைய கடவுச்சீட்டைத் தேடினேன். மகளின் பிரசவத்துக்காகப் பின்தங்கி, எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் அவள் வந்திருந்தாள். முத்திரையில் 2013 ஜனவரி என்று இருந்தது. 13, 14, 15, 16, 17, 18, 19. ஏழு. அவளுக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை.